மூன்றாவது கியர் விழாத வண்டி

என் வீட்டுக்காரருக்குப் பட்டறைத் தெருவில் ஜட்ஜ் என்று பெயர். நியாயமான மனுஷன், அதனால் வைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாட்சியை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்கிறவர் என்பதால் வைத்த பெயர். வைத்தவர் அடுத்த பட்டறையில் பிரேக் வேலை பார்க்கிற பிரேக்காரர். அவர் கேலியாக வைத்ததை இவர் பட்டமாக எடுத்துக்கொண்டு, இருபது வருஷமாக நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். அது பட்டமில்லை, கிண்டல் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

அவர் தொழில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதாவது கிளட்ச் மிதிக்காமல், தானாகவே கியர் மாறுகிற வண்டிகள். அவற்றின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது பாதி மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் எல்லாரும் வண்டியை இவர் தலையில் கட்டிவிடுவார்கள். இன்ஜின், பிரேக், டயர், லைட் எதையும் இவர் தொடமாட்டார். "அது வேற டிபார்ட்மென்ட்" என்பார். ஒரு தகரக் கூரை, இரண்டு ஜாக்கி, எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு மேஜை, இதில் எத்தனை டிபார்ட்மென்ட் இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

வண்டி கொண்டு வந்தவர் வாயைத் திறந்தால் போதும், கையை உயர்த்திவிடுவார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வண்டி சொல்லும்."

பாவம், அந்த மனுஷன் எப்போது ஆரம்பித்தது, எந்த வேகத்தில் உதறுகிறது, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா என்று வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார வேண்டியதுதான். இவர் சாவியை வாங்கிக்கொண்டு, தனியாக ஏறி, பாலம் வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். வண்டிக்குச் சொந்தக்காரரைப் பக்கத்து சீட்டில்கூட உட்கார வைக்கமாட்டார். "ஆள் இருந்தா பேசுவான். அவன் பேசினா கியர்பாக்ஸ் பேசறது காதுல விழாது" என்பார். இறங்கும்போதே தீர்ப்புத் தயாராக இருக்கும். அப்பீல் கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, பத்துக்கு ஒன்பது தடவை தீர்ப்புச் சரியாகவே இருக்கும். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். வீட்டிலும் இதே கதை. தலைவலி என்று நான் ஆரம்பித்தால், முடிப்பதற்குள் "தண்ணி குடிச்சிருக்க மாட்டே" என்று தீர்ப்பு வந்துவிடும். இந்த மனுஷன் சொன்னது தப்பு என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிரூபணமாகிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்டு. அது பலித்தபோது எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

என் அண்ணனுக்கு ஆபீஸ்களுக்குச் செடித் தொட்டி வாடகைக்கு விடுகிற தொழில். வாரா வாரம் பச்சையாகத் தளதளவென்று இருக்கும் தொட்டிகளைக் கொண்டு போய் வைப்பார். ஏசி அறையில் கிடந்து வாடிப்போனவற்றைத் திருப்பி எடுத்து வந்து, தன் ஷெட்டில் வைத்துத் தேற்றுவார். முப்பது வருஷமாக இதுதான். ஏற்றுவது, இறக்குவது, பிக்கப்பை ஓட்டுவது எல்லாம் அவரே. ஓட்டுவதற்காவது ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்களேன் என்று அண்ணி சொன்னால், "செடின்னா தண்ணி ஊத்திட்டு வந்துடலாம். ஆளுக்கு அப்படியா?" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் கிளட்ச் வண்டியை விற்றுவிட்டு, இருபது வயதான ஒரு ஆட்டோமேட்டிக் பிக்கப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். குடும்பமே சிரித்தது. வயதான காலத்தில் அண்ணனுக்குச் சொகுசு கேட்கிறது என்று நானும் வாய்க்கு வந்தபடி பேசினேன். "டிராஃபிக்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு அலுத்துப் போச்சும்மா" என்றார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் பூரிப்பு. "மச்சானுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் அந்த வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஊருக்கு வெளியே, நீளமான மேட்டுச் சாலையின் உச்சியில், ஒரு பெரிய ஆபீஸ் கட்டிடம் இருக்கிறது. அண்ணனின் தொட்டிகளில் பாதி அங்கேதான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் தொட்டிகளை மேலே ஏற்றிவிட வேண்டும். எட்டுக்கு மேல் லிஃப்டில் சாமான் ஏற்ற விடமாட்டார்கள். அந்த மேட்டில் வண்டி இரண்டாவது கியரிலேயே நின்றுகொண்டு உறுமும், மூன்றாவது விழாது. இரண்டு திங்கட்கிழமை அண்ணன் நேரம் தவறிப் போய்ச் சேர்ந்தார். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணன் பட்டறைக்கு வந்தார்.

"அந்தக் கட்டிடம் போச்சுன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான், மாப்பிள்ளை. வண்டி நின்னா நானும் நின்னேன். மேட்டுல ஏறும்போது பாரு, ரெண்டாவதுலயே..."

கை உயர்ந்தது. மச்சான் என்றால் மட்டும் சலுகையா என்ன?

பாலம் வரை போய், அதே மேட்டிலும் ஏறி இறங்கி, இவர் திரும்பி வந்தார். கியர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெண்ணெயாக விழுந்தனவாம். ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாக இருந்தது, தீய்ந்த வாடையும் அடித்தது. "எண்ணெய் வெந்துருக்கு. அழுத்தம் பத்தல. அதான் கியர் விழல" என்று தீர்ப்பு. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினார். எண்ணெய் எதனால் வெந்தது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கேட்டிருந்தால் மட்டும் பதில் சொல்லியிருப்பாரா?

ஒரு வாரம் ஆகவில்லை, அண்ணன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கேபிள்மேல் பழி விழுந்தது. எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அதுதான் கியர்பாக்ஸுக்குச் சொல்லுமாம். தளர்ந்திருந்தால் கியர் தப்பான நேரத்தில் மாறுமாம். இழுத்துக் கட்டினார். இவர் ஓட்டினார், வெண்ணெய். அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார், உறுமல்.

மூன்றாவது தடவை அண்ணன் வந்து நின்றபோது எங்கள் ஜட்ஜுக்குப் பொறுமை போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் கேட்கும்படியாக, "வண்டில ஒண்ணுமே இல்ல, மச்சான். உங்களுக்கு ஓட்டத் தெரியல" என்றார்.

முப்பது வருஷம் வண்டி ஓட்டிப் பிழைத்த மனுஷனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? அண்ணன் நான் கொண்டு போய் வைத்த டீயைத் தொடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு பத்து நாள் எனக்கு ஒரு போன் கிடையாது. நான் என் பங்குக்கு வீட்டில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நடமாடினேன். உப்பு எங்கே என்று கேட்டால், "வண்டி சொல்லும், போய்க் கேளுங்க" என்றேன். பதினோராம் நாள் இவரே போன் செய்து, "மச்சான், வண்டியைக் கொண்டாங்க. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிச்சுப் பாத்துடறேன்" என்றார். குடும்ப அமைதிக்காக ஒரு கியர்பாக்ஸ் பிரிக்கப்பட்டது உலகத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பிரித்தால் உள்ளே கியரைப் பிடிக்கிற தட்டுகள் கொஞ்சம் கருகியிருந்தன. "பாத்தியா, நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார் என்னிடம். அப்போது என்ன சந்தேகப்பட்டார் என்பது எனக்கும் பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

வண்டி ஜாக்கியில் நின்ற சமயம் பிரேக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு நான் மூணு மாசத்துல ரெண்டு தடவை பிரேக் லைனிங் மாத்திருக்கேன், ஜட்ஜ். பின்னாடி பிரேக் லைட் பல்பு வேற வாரத்துக்கு ஒண்ணு போகுது. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"அது உங்க டிபார்ட்மென்ட்" என்றார் இவர்.

நானும் அங்கேதான் நின்றிருந்தேன். என் காதிலும் விழுந்தது. ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டவள் நான், இவரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

தட்டுகளை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி, ஓட்டிச் சூடாக்கிப் பார்த்தார். எங்கோ கசிவு தெரிந்தது. எண்ணெயை மறுபடி வடிக்க அவசரப்பட்டு அடைப்பைத் திறந்தார். கொதிக்கக் கொதிக்க இருந்த எண்ணெய் வலது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டு வரை கட்டு. பத்து நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். அவரிடமும் எண்ணெயின் வகை பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். வந்து, கசிவை இடது கையாலேயே அடைத்து முடித்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, மறுநாள் கடைசி வாய்ப்பு என்று இருந்த நிலையில், தொட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அண்ணன்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இருபத்தாறு வருஷத் தொழிலில் ஜட்ஜ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முன்சீட்டு ஒரே நீளப் பலகை. நான் நடுவில். என்னை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் வழியில் மறுபடி முறைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் நானாக ஏறிக்கொண்டேன்.

மேடு ஆரம்பித்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் யாரும் பேசக் கூடாது என்பதற்காகக் கட்டுப் போட்ட கையை உயர்த்தியே வைத்திருந்தார். முதல் கியர், இரண்டாவது. அப்புறம் இன்ஜின் உறும ஆரம்பித்தது, உறுமிக்கொண்டே இருந்தது. மூன்றாவது விழவில்லை. இவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தன் கையால் பிரித்துப் பூட்டிய கியர்பாக்ஸ் தன்னிடமே பொய் சொல்கிறது என்பதை அந்த மனுஷனால் தாங்க முடியவில்லை.

"இதைத்தான் மூணு மாசமா சொல்றேன், மாப்பிள்ளை" என்றார் அண்ணன். கோபம்கூட இல்லை அவர் குரலில்.

என் காலடியில் நாற்றுத் தட்டு ஒன்று வைத்திருந்தேன். மேட்டில் அது சரிந்துகொண்டே வந்தது. பிடிப்பதற்காகக் குனிந்தேன். அண்ணனின் இடது செருப்பு தனியாக, குப்புறக் கிடந்தது. கிளட்ச் இல்லாத வண்டியில் இடது காலுக்கு வேலையே கிடையாது, சும்மா கிடக்க வேண்டியது. ஆனால் அண்ணனின் வெறும் இடது கால் பிரேக்கின்மேல் இருந்தது. வைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. மறந்துபோய் எங்கோ வைத்துவிட்ட பொருள் மாதிரி அது அங்கே இருந்தது. வலது கால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது.

நான் இவர் தொடையில் கிள்ளினேன். இவர் என்னைப் பார்த்தார், நான் கீழே பார்த்தேன், இவரும் பார்த்தார்.

அப்புறம், "மச்சான், அந்த இடது காலை எடுங்க" என்றார்.

"எங்கேர்ந்து?"

"பிரேக்லேர்ந்து."

"பிரேக்ல எங்க இருக்கு? கீழதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் காலைப் பின்னால் இழுத்தார். அடுத்த நிமிஷம் மூன்றாவது கியர் விழுந்தது. வண்டி விடுபட்டுப் பாய்ந்தது. பின்னால் தொட்டிகள் குலுங்கின. அண்ணன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தியாம்மா, விழுந்துடுச்சு. என்னதான் சொல்லு, மாப்பிள்ளை கை வெச்சா கை வெச்சதுதான். எட்டு மணி என்ன, நாளைக்கு ஏழரைக்கே ஏத்திடுவேன்."

மூன்று மாதமாக இவர் எதிர்பார்த்திருந்த பாராட்டு. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷத்தில் அது தானாக நகர்ந்து மறுபடியும் பிரேக்கின்மேல் ஏறியது. முப்பது வருஷம் கிளட்ச் இருந்த பக்கத்தை அது தேடிக்கொண்டு போனது. இன்ஜின் உறுமியது. அண்ணனின் சிரிப்பு நின்றது.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க, மச்சான்."

நிறுத்தினார். இவர் இறங்கிச் சுற்றி வந்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"செருப்பு கழண்டு கிடக்குது. நீங்க நேரா ரோட்டைப் பாருங்க, நான் போட்டு விடறேன்."

"நீ எதுக்கு மாப்பிள்ளை, நான் போட்டுக்கறேன்."

"பாருங்கன்னா பாருங்க."

அண்ணன் கூச்சத்தோடு ரோட்டைப் பார்த்தார். இவர் மண்ணில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தார். கல்யாணத்தன்றுகூட யார் முன்னாலும் குனிய மாட்டேன் என்று அடம்பிடித்தவர். இடது கையால் செருப்பை எடுத்து, அண்ணனின் காலில் மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்து, குதிகாலை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"சீக்கிரம் போடு, மாப்பிள்ளை" என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்தபடியே. "பின்னாடி லாரி வருது."

இவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எண்ணெயை முகர்ந்தார்கள், கேபிளை இழுத்தார்கள், கியர்பாக்ஸைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பரப்பினார்கள். அந்த மூன்று மாதமும் என் அண்ணன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் ஒரு தடவை யாரும் திரும்பவில்லை. கூடப் பிறந்த நானும் டீயை வைத்துவிட்டுப் போனவள்தான். கோபம் போன பிறகு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவும் இல்லை.

நான் அழுகிற சத்தம் கேட்டுத்தான் அண்ணன் கீழே பார்த்தார். காலில் செருப்பு இருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்போலேர்ந்து இப்படி மரத்துப் போயிருக்கு, மச்சான்?" என்றார் இவர்.

"ரெண்டு வருஷம் இருக்கும்." குரல் இறங்கிவிட்டது. "பழைய வண்டில கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு தெரியாம போச்சு. ஒரு நாள் சிக்னல்ல முன்னாடி நின்ன ஸ்கூட்டர்மேல இடிக்கப் பாத்தேன். சரி, கிளட்ச் இல்லாத வண்டி வாங்கிட்டா அந்தக் காலுக்கு வேலையே இல்லையேன்னு வாங்கினேன்."

"சர்க்கரை வியாதிக்கு டாக்டர் குடுத்த மாத்திரை?"

"வீட்ல இருக்கு." போடுகிறேன் என்று சொல்லவில்லை.

"அண்ணிக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"சொன்னா ஓட்ட விடுவாளா?" என்றார் அண்ணன். "மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் வண்டிலதான் கோளாறுன்னு சொல்லும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஓட்டத் தெரியலைன்னு சொன்னப்பதான் பயந்துட்டேன். கண்டுபிடிச்சுட்டானோன்னு."

இருபத்தாறு வருஷத்தில் தான் சொன்ன தப்பான தீர்ப்பு எது, சரியான தீர்ப்பு எது என்று அந்த நிமிஷம் இவருக்கே புரிந்திருக்காது. மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

அண்ணன் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இனிமே எச்சரிக்கையா இருக்கேன். காலைப் பாத்துப் பாத்து ஓட்டறேன்" என்றார். பிறகு, "நாளைக்கு ஒரு நாள் மட்டும், மாப்பிள்ளை. அந்த நாப்பது தொட்டியை இறக்கிட்டு வந்துடறேன். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றார்.

ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற மனுஷன் கட்டுப் போட்ட கையை மட்டும் சாவிக்காக நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை. இவர் கையும் இறங்கவில்லை. முடியாது என்று என் அண்ணனிடம் சொல்ல இவருக்குத் தைரியம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. கடைசியில் சாவியை நான்தான் வாங்கினேன். வாங்கினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.